சிகிச்சை எங்கே நடக்கிறது?

மனப்பதற்றத்துக்காக இணையவழி உளவியல் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: நேரில் போய் உட்கார்ந்து பேசுவதற்கு இது ஈடாகுமா? கேள்வி நியாயமானது. மருத்துவம் என்றால் நாடி பிடித்துப் பார்ப்பது, முகம் பார்த்துப் பேசுவது என்றே பழகியிருக்கிறோம். கைபேசித் திரையில் தெரியும் முகமோ தட்டச்சு செய்து அனுப்பிய பதிலோ அதற்கு ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், குணமாவது ஆலோசகரின் அறைக்குள் நடக்கிறது என்று இந்தக் கேள்வி முன்கூட்டியே முடிவுகட்டிக்கொள்கிறது. அச்சத்தைப் பற்றி ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் சேர்த்துவைத்திருக்கும் அறிவு அதை ஆதரிக்கவில்லை. பதற்றம் தணிவது பெரும்பாலும் அறைக்கு வெளியே, அந்த மனிதர் எதைக் கண்டு ஒதுங்குகிறாரோ அந்த இடத்தில் நடக்கிறது. ஆலோசகர் அதற்குத் திட்டம் வகுத்துத் தருகிறார், உடன் நிற்கிறார், நடந்ததை அலசி அடுத்த அடிக்கு வழி சொல்கிறார். இந்த மூன்றையும் இணையம் வழியாகச் செய்ய முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. முடியும் என்பதும், மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தால்தான் நிலையாக முடியும் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

நிம்மதி கற்பிக்கும் தவறான பாடம்

பதற்றம் உடலின் எச்சரிக்கை ஏற்பாடு. ஆபத்து என்று மூளை கணித்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது. இது எல்லோருக்கும் உண்டு, தேவையும்கூட. எச்சரிக்கை ஒலிப்பதால் மட்டும் அது கோளாறாகிவிடுவதில்லை. அது பொய்யான எச்சரிக்கை என்று மூளை தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அடைபட்டுப்போகும்போதுதான் கோளாறாகிறது. அமெரிக்க உளவியலாளர் ஹோபர்ட் மௌரர் 1947இல் இதை இரண்டு படிகளாக விளக்கினார். முதல் படியில் ஓர் இடமோ பொருளோ சூழலோ அச்சத்தோடு பிணைந்துகொள்கிறது. இரண்டாம் படியில் அதைத் தவிர்க்கிறோம். தவிர்த்ததும் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே தவிர்ப்புக்குக் கிடைத்த பரிசாகி, அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. பயந்தது நடக்கவே இல்லை என்றாலும் பயம் ஆண்டுக்கணக்கில் குறையாமல் இருப்பதன் காரணம் இதுதான். அது நடக்கிறதா இல்லையா என்று பார்க்கும் அளவுக்கு அந்த மனிதர் அங்கே நிற்பதே இல்லை.

1986இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க், திடீர்ப் பீதித் தாக்குதலில் இதே போன்ற சுழற்சி உடலுக்குள்ளேயே ஓடுவதைக் காட்டினார். கூட்டமான பேருந்தில் நிற்கும் ஒருவருக்கு வெக்கையாலோ காலையில் குடித்த காபியாலோ இதயம் சற்று வேகமாக அடிக்கிறது. மாரடைப்பு வருகிறதோ என்று மனம் அதற்குப் பொருள்கொள்கிறது. அந்த எண்ணமே அட்ரினலினைக் கூட்டுகிறது, துடிப்பு ஏறுகிறது, ஏறிய துடிப்பு எண்ணத்துக்குச் சாட்சியாகிறது. சில நிமிடங்களில் மூச்சு முட்டி, கை மரத்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். இறங்கியதும் உடல் தணிகிறது. பீதி உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும் இயல்புடையது. அவர் பேருந்திலேயே நின்றிருந்தாலும் தணிந்திருக்கும். அதைக் கண்டறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இறங்கியதால் பிழைத்தேன் என்ற பாடமே மிஞ்சுகிறது. மறுநாளிலிருந்து கையில் தண்ணீர் பாட்டில், கதவோரத்தில் இடம், துணைக்கு ஓர் ஆள் என்று சின்னச் சின்னப் பாதுகாப்பு ஏற்பாடுகள் சேர்கின்றன. இவற்றோடு பயணம் செய்தாலும் பாடம் மாறுவதில்லை; பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பெருமை பாட்டிலுக்கும் துணைக்கும் போய்விடுகிறது.

உணர்ச்சிப் பழக்கங்கள் என்று நாம் சொல்பவையும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவை. யாராவது முகம் சுளித்தால் தன்மேல் தவறு இருக்கிறதா என்று பார்க்காமலே மன்னிப்புக் கேட்டுவிடுவது, கோபம் வந்தால் நாள்கணக்கில் பேச்சை நிறுத்திவிடுவது, அனுப்பிய செய்திக்குப் பதில் வரும்வரை கைபேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது, ஒரு முடிவை எடுப்பதற்கு முன் நான்கு பேரிடம் சரிதானா என்று உறுதி கேட்பது. ஒவ்வொன்றும் அந்த நேரத்து அவஸ்தையைக் குறைக்கிறது, அதனால்தான் நிலைத்துவிடுகிறது. ஓயாத கவலையும் இந்த வரிசையில்தான் வருகிறது. எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுவது ஆயத்தம்போலத் தோன்றினாலும், அது ஆழமான உணர்ச்சியைத் தள்ளிப்போடும் ஒரு தவிர்ப்பாகவே வேலைசெய்கிறது என்று தாமஸ் போர்கோவெக் வாதிட்டார். அவர் பணியாற்றிய பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வெளியான சிறிய ஆய்வொன்று, பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 29 பேரின் கவலைகளை எழுதவைத்து, அவை நடந்தனவா என்று தொடர்ந்து பார்த்தது. 91 சதவீதத்துக்கு மேற்பட்டவை நடக்கவில்லை. பொய்த்த கவலைகளின் விகிதம் யாருக்கு அதிகமாக இருந்ததோ அவர்களுக்குச் சிகிச்சையின் பலனும் கூடுதலாக இருந்தது. ‘கவலைப்படாதே’ என்று பிறர் சொல்லும்போது மாறாத மனம், தன் கணிப்புகள் பொய்த்ததைத் தன் கையெழுத்தில் பார்க்கும்போது அசையத் தொடங்குகிறது.

பழைய பாடம் அழிவதில்லை

அச்சம் எப்படிக் குறைகிறது என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் வாதம் நிற்கிறது. மணியோசையும் உணவும் சேர்ந்தே வந்ததால் ஓசைக்கே எச்சில் ஊறப் பழகிய நாய்கள், உணவில்லாமல் ஓசை மட்டும் திரும்பத் திரும்ப வந்தபோது அதை நிறுத்தின என்பது பாவ்லவின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. பிணைப்பு அறுந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சில காலம் கழித்து அதே ஓசையைக் கேட்டபோது எச்சில் மீண்டும் ஊறியது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் இந்தத் திரும்பிவருதலை எலிகளில் விரிவாக ஆராய்ந்தார். ஒரு கூண்டில் அச்சத்தைக் கற்ற எலிக்கு வேறொரு கூண்டில் அது பொய் என்று கற்பித்தால், இரண்டாம் கூண்டில் அச்சம் அடங்குகிறது; முதல் கூண்டுக்குத் திரும்பியதும் தலைதூக்குகிறது. பழைய பாடம் அழிவதில்லை என்பதும், அதன்மேல் ஒரு புதிய பாடம் கற்கப்படுகிறது என்பதும், அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது என்பதும் இவருடைய ஆய்வுகள் நிலைநாட்டிய முடிவுகள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷேல் கிராஸ்க் இவற்றை மனிதர்களின் பதற்றச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். பயிற்சியின்போது அச்சம் எவ்வளவு இறங்குகிறது என்பதைவிட, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோமோ அது எவ்வளவு தெளிவாகப் பொய்க்கிறது என்பதே முக்கியம் என்றார் அவர். அந்தப் பொய்த்தல் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு சூழல்களில் நிகழ வேண்டும் என்பது அவருடைய அடுத்த அறிவுரை.

இதை ஆலோசகரின் அறையோடு பொருத்திப் பார்த்தால் அறையின் எல்லை தெரிந்துவிடுகிறது. அமைதியான அறை, பரிவோடு கேட்கும் முகம், சாய்ந்து உட்கார நாற்காலி. அங்கே அச்சம் அடங்குவதில் வியப்பில்லை. அது இரண்டாம் கூண்டு. முதல் கூண்டு பேருந்திலும் அலுவலகக் கூட்டத்திலும் மாமியார் வீட்டுக் கூடத்திலும் இரவு இரண்டு மணிப் படுக்கையிலும் இருக்கிறது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம்; அதில் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம். நல்ல சிகிச்சையாளர்கள் வீட்டுப் பயிற்சியை வலியுறுத்துவதன் காரணம் இதுதான். சங்கீத ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை பாடம் கேட்டாலும் குரல் பண்படுவது வீட்டில் தினமும் செய்யும் சாதகத்தில்தான். ஆசிரியர் இல்லாத சாதகம் வழிதவறும். சாதகம் இல்லாவிட்டால் ஆசிரியர் சொன்னது காதோடு போகும். பதற்றச் சிகிச்சையும் அப்படித்தான். ஆகவே இணையம் வழியாக வரும் ஆலோசகர், தொலைவில் இருப்பதாலேயே ஒருவகையில் அருகில் வருகிறார். பேருந்திலிருந்து இறங்கிய பத்தாவது நிமிடத்தில் அவருக்கு எழுத முடியும். தூக்கம் வராத அந்த அறையிலிருந்தே அவரோடு பேச முடியும்.

ஸ்டாக்ஹோம் கண்ட வழி

இணையவழிச் சிகிச்சை என்றால் காணொளியில் பேசுவது என்று மட்டுமே நினைக்கிறோம். இந்தத் துறையின் வலுவான சான்றுகளில் பெரும்பகுதி வேறொரு வடிவத்திலிருந்து வந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து சுவீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன், பெர் கார்ல்பிரிங் போன்றவர்கள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பாடங்களாகப் பிரித்து, பாதுகாக்கப்பட்ட இணையதளத்தில் தந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சையாளரை எழுத்து மூலம் துணைக்கு வைத்துச் சோதித்தார்கள். 2007இல் ஸ்டாக்ஹோமின் அரசு மருத்துவச் சேவை இதை வழக்கமான சிகிச்சையாகவே ஏற்று இணைய மனநலப் பிரிவைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் கேவின் ஆண்ட்ரூஸ், நிக் டிட்டோவ் ஆகியோர் இதையொத்த சேவைகளை உருவாக்கினார்கள். முதலில் முறையான மனநல மதிப்பீடு. பிறகு ஏறத்தாழ பத்து வாரம், வாரம் ஒரு பாடம். படித்ததைச் செய்து பார்த்து, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். சிகிச்சையாளர் ஒரு நோயாளிக்கு வாரத்துக்குச் செலவிடுவது சுமார் பத்துப் பதினைந்து நிமிடம்.

பீதிக் கோளாறுக்கான ஒரு பாடத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். இதயத்தைச் சோதித்து, குறையில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகே இது தொடங்கும். ஒரு நிமிடம் சுழல் நாற்காலியில் சுற்ற வேண்டும். அல்லது மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிட வேண்டும். அல்லது மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்க வேண்டும். தலைசுற்றல், மூச்சுமுட்டல், படபடப்பு என்று அவர் அஞ்சும் உணர்வுகளை அவரே வரவழைத்துப் பார்க்கிறார். தொடங்குவதற்கு முன் தாளில் மூன்று கட்டங்கள்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன், உண்மையில் என்ன நடந்தது. ‘மயங்கி விழுவேன், 80 சதவீதம்’ என்று எழுதியவர் கடைசிக் கட்டத்தில் ‘தலை சுற்றியது, ஒரு நிமிடத்தில் நின்றது’ என்று எழுத வேண்டியிருக்கிறது. சிகிச்சையின் உயிர் அந்த மூன்று கட்டங்களில் இருக்கிறது. இதை மருத்துவமனையில் செய்வதைவிட, பீதி வழக்கமாக வந்து தாக்கும் வீட்டிலேயே செய்வது பௌட்டன் சொன்ன காரணத்தால் மேலானது.

அடுத்த கட்டம் வெளியே. பயிற்சி செய்பவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “பேருந்தில் மூன்று நிறுத்தம் போனேன் மேடம். படபடப்பு வந்தது. தண்ணீர் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டேன்.” செயலி ஒன்று இதைப் படித்தால் வெற்றி என்று பதிவுசெய்து பாராட்டும். தேர்ந்த சிகிச்சையாளரின் கண் பாட்டிலில் போய் நிற்கும். “மூன்று நிறுத்தம் போனது பெரிய விஷயம். பாட்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? அதை முதலில் எழுதிவைத்துவிடுங்கள். பிறகு பாட்டிலை வீட்டில் விட்டுவிட்டு ஒரே ஒரு நிறுத்தம் போய்ப் பாருங்கள்.” பதில் நான்கே வரி. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அச்சம் எங்கே ஒளிந்துகொண்டது என்பதைக் கண்டுபிடிக்க இந்தத் துறையை அறிந்த, இந்த நோயாளியையும் அறிந்த ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இந்த முறையின் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டியோடு கூடிய இணையவழிச் சிகிச்சையையும் நேர்முகச் சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 20 ஆய்வுகளை, மொத்தம் 1,418 பேரை, கார்ல்பிரிங்கும் சகாக்களும் 2018இல் தொகுத்தார்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 0.05. இந்த அளவுகோலில் 0.2 என்பதே சிறிய வித்தியாசம், 0.05 இல்லை என்றே சொல்லலாம். இதன் பொருள் எல்லாருக்கும் இரண்டும் ஒன்றே என்பதல்ல. இந்த ஆய்வுகளுக்கு வந்தவர்கள் படிக்க, எழுத, இணையத்தைக் கையாளத் தெரிந்தவர்கள்; இணையவழிக்கு மனம் ஒப்பியவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு அறை இல்லாததால் எதுவும் குறையவில்லை என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம். நம் வாதத்துக்கு அதுவே போதும். குணம் அறையிலிருந்து வருவதாக இருந்தால் அறையை எடுத்தவுடன் அது குறைந்திருக்க வேண்டும்.

மறுமுனையில் ஏன் மனிதர்?

அப்படியானால் மனிதரையும் எடுத்துவிடலாமே, பாடங்களும் படிவங்களும் போதாதா என்ற கேள்வி உடனே எழுகிறது. செலவைக் குறைக்க நினைக்கும் எந்த அரசுக்கும் இது கவர்ச்சியான யோசனை. இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். மனச்சோர்வு உள்ள 691 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான அந்த ஆய்வில், நன்கு அறியப்பட்ட இரண்டு கணினிவழிச் சிகிச்சைத் திட்டங்கள் வழக்கமான குடும்ப மருத்துவரின் கவனிப்பைவிடக் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. திட்டங்கள் மோசமானவை அல்ல. பெரும்பாலோர் அவற்றை முடிக்கவில்லை. மனநலச் செயலிகளின் கதையும் இதேதான். 2019இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, தரவிறக்கியவர்களில் 30 நாள் கழித்தும் செயலியைத் திறப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்றே அதிகம். தவிர்ப்பதே நோயின் இயல்பாக இருக்கும்போது இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. அச்சத்தை நோக்கிப் போகச் சொல்லும் பாடத்தை மூடிவைப்பது கைபேசியில் ஒரு விரல் அசைவு. அந்த விரலைத் தடுப்பது, வியாழக்கிழமை என் பதிலுக்காக ஒருவர் காத்திருப்பார் என்ற நினைப்பு. டேவிட் மோரும் சகாக்களும் 2011இல் இதையே ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள்: நாம் மதிக்கும், நம் நலம் நாடும் ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதே நம்மைத் தொடரவைக்கிறது.

அந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத விடை தந்தது. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 150 பேரில் ஒரு பகுதியினருக்கு உளவியல் நிபுணர் துணைநின்றார். இன்னொரு பகுதியினருக்கு, நிபுணத்துவம் இல்லாத உதவியாளர் ஊக்கம் மட்டும் தந்தார். முழுச் சிகிச்சைக்கும் ஒரு நோயாளிக்குச் செலவான நேரம் சுமார் எண்பது நிமிடம்தான். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். இதைக் காட்டி நிபுணர்களே வேண்டாம் என்று சொல்வது தவறு. பாடத்திட்டத்தை வகுத்ததும், உதவியாளரை மேற்பார்வையிட்டதும் நிபுணர்களே. சிக்கலில்லாதவர்களுக்கு வாரந்தோறும் கவனிக்கும் ஒரு மனிதரே போதும். பாட்டிலைப் போல அச்சம் நுணுக்கமாக ஒளிந்துகொள்ளும் இடங்களுக்கு நிபுணரின் கண் வேண்டும் என்பதே சரியான முடிவு.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தக் கேள்வி புதிய வேகம் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மத் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ‘தெராபாட்’ சோதனையில் 210 பேர் பங்கேற்றார்கள். அதைப் பயன்படுத்திய பொதுப் பதற்றக் கோளாறுக்காரர்களின் அறிகுறிகள் சராசரியாக 31 சதவீதம் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் ஒப்பீடு எந்தச் சிகிச்சையும் பெறாமல் காத்திருந்தவர்களோடுதான். உரையாடல்களை ஆய்வுக்குழுவின் மனிதர்கள் கண்காணித்துக்கொண்டும் இருந்தார்கள். சிகிச்சைக்கென்றே உருவாக்கப்படாத பொதுவான உரையாடிகளிடம் பதற்றத்தோடு போவதில் வேறோர் அபாயமும் உண்டு. ‘எனக்கு ஒன்றும் ஆகாதுதானே’ என்று உறுதி கேட்பது பதற்றத்தை நிலைக்கவைக்கும் பழக்கங்களில் ஒன்று. நல்ல சிகிச்சையாளர் அந்தக் கேள்விக்குப் பரிவோடு பதில் மறுப்பார். பதில் தெரியாமல் சற்று நேரம் இருந்து பார்க்கச் சொல்வார். இருபத்துநான்கு மணி நேரமும் சலிக்காமல் உறுதி தரும் ஓர் இயந்திரம், அன்பின் பெயரால் நோய்க்கு உணவூட்டக் கூடும்.

உறவு, ஒதுக்கம், ஆபத்து

உளவியல் சிகிச்சையின் அடித்தளம் உறவு, உறவு திரையில் வளராது என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. முதல் பாதி உண்மை. இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பரஸ்பர நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சை உறவு என்று எட்வர்ட் போர்டின் 1979இல் வரையறுத்தார். அந்த உறவின் வலுவுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்பை 295 ஆய்வுகளிலிருந்து கணக்கிட்ட கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகரின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு, நேர்முகச் சிகிச்சையில் 0.278 என்றும் இணையவழியில் 0.275 என்றும் கண்டது. உறவு திரையிலும் அமைகிறது. அங்கும் அதே அளவு வேலைசெய்கிறது. எழுத்துக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. நேரில் சொல்லக் கூசுவதைப் பலர் எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். ‘ஒரு மாதிரியா இருந்துச்சு’ என்று பேச்சில் கடந்துபோவதை எழுதும்போது, அது அச்சமா, அவமானமா, அடக்கிய கோபமா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உணர்ச்சிக்குப் பெயரிடுவது வெறும் பேச்சல்ல. சிலந்திக்கு அஞ்சும் 88 பேரை வைத்து கிராஸ்கின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிலந்தியை நெருங்கும்போது தாங்கள் உணரும் அச்சத்தை வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து உடலின் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சுபவருக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை தருவது அந்த அச்சத்துக்கே உடந்தையாகாதா? கூச்சத்தால் தவிப்பவர் கேமராவை அணைத்துவிட்டு, எழுத்துக்குள் ஒளிந்துகொண்டு, தவிர்ப்பையே சிகிச்சை என்று நம்பிவிட மாட்டாரா? நம் வாதம் சரியென்றால் இந்த ஆபத்து உண்மையாகத்தான் இருக்க வேண்டும், உண்மைதான். சிகிச்சையின் பாதை எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் சமூக அச்சம் உள்ள 126 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இணையவழியிலும் மற்றொன்றுக்கு நேரில் குழுவாகவும் சிகிச்சை தந்த ஆய்வு 2011இல் வெளியானது. மனிதரைக் கண்டு அஞ்சுபவருக்கு மனிதர் கூட்டத்தில் வைத்துத் தரும் சிகிச்சையே சிறந்தது என்று எதிர்பார்ப்போம். இணையவழிப் பிரிவு எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. எழுத்தில் நடந்தது ஆலோசனை மட்டும். கடைக்காரரிடம் பொருளைத் திருப்பித் தருவதும், கூட்டத்தில் கேள்வி கேட்பதும், அறிமுகமில்லாதவரோடு பேச்சைத் தொடங்குவதும் வெளியே நடந்தன. பயிற்சிகள் இப்படி வாரத்துக்கு வாரம் வெளிநோக்கி விரிந்தால் வீட்டில் தொடங்கியது குறையல்ல. இரண்டு மாதம் பேசியும் வாழ்க்கையின் வட்டம் ஓர் அங்குலம்கூட விரியவில்லை என்றால், காணொளியில் நடந்தாலும் குளிரூட்டிய அறையில் நடந்தாலும் அது சிகிச்சையின் பெயரில் நடக்கும் தவிர்ப்பு.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனச்சிதைவு போன்ற நோயால் அவதிப்படுபவர், உடல்நிலையைச் சீர்குலைக்கும் அளவுக்கு உண்ணாதிருப்பவர் ஆகியோருக்கு நேரடி மருத்துவக் கவனிப்பு முதலில் வேண்டும். படபடப்புக்குத் தைராய்டு மிகைப்போ இதயத் துடிப்புக் கோளாறோ காரணமாக இருக்கலாம். அதைத் திரை கண்டுபிடிக்காது. வன்முறை நடக்கும் வீட்டில், சுவருக்கு அப்பால் ஒருவர் ஒட்டுக்கேட்கும்போது, மனம்விட்டுப் பேசுவதே ஆபத்து. ஸ்டாக்ஹோம் முறையில் முன்மதிப்பீடும், வாரந்தோறும் நிரப்பும் வினாப்பட்டியலும், ஆபத்தான பதில் வந்தால் சிகிச்சையாளரை உடனே எச்சரிக்கும் ஏற்பாடும் இருப்பது இதற்காகவே. அப்படிக் கவனமாக நடத்தினால் தீங்கு குறைவு. 29 ஆய்வுகளின் 2,866 பேரைத் திரட்டிப் பார்த்த அலெக்சாண்டர் ரோசன்டாலின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் நிலை மோசமானவர்கள் 5.8 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 17.4 சதவீதம். அந்த 5.8 சதவீதத்தைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு.

ரகசியம் காக்கப்படுமா என்ற அச்சத்தை எந்தப் பயிற்சியாலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அது நியாயமான அச்சம். 2023இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மனநலம் பற்றிய விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாகக் குற்றம்சாட்டி, இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தை 78 லட்சம் டாலர் செலுத்தவைத்தது. பின்லாந்தின் வஸ்தாமோ நிறுவனத்திலிருந்து சுமார் 33,000 பேரின் சிகிச்சைப் பதிவுகள் திருடப்பட்டு, 2020இல் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல்கள் போயின. வஸ்தாமோ மருத்துவகங்களில் நேரில் சிகிச்சை தந்த நிறுவனம் என்பது கவனிக்க வேண்டியது; பதிவேடு கணினியில் ஏறிவிட்ட காலத்தில் நேரில் போவதும் முழுக் காப்பு ஆகாது. யார் பார்க்கிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது.

நமக்கு என்ன வேண்டும்

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று கண்டது. இவர்களில் பெரும்பாலோர் நேர்முகத்துக்கும் இணையத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. ஏதாவது ஒன்றுக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் இடையில் நிற்கிறார்கள். தொலைவைக் கடக்கும் முயற்சிகள் இங்கே புதியவை அல்ல. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு 2010களின் தொடக்கத்திலேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்தில் போய், அதிலிருந்தே மனநல மருத்துவரோடு காணொளியில் பேசவைத்து, மருந்தையும் கையோடு தந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே அழைக்கலாம். முதல் கதவைத் திறக்கும் இந்தச் சேவைகளுக்கு அடுத்ததாக, பத்து வாரம் தொடர்ந்து உடன்வரும் ஓர் ஏற்பாடு பொதுச் சுகாதாரத்தில் வேண்டும். மேற்சொன்ன சான்றுகளில் பெரும்பகுதி சுவீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்ததுதானே என்று கேட்கலாம். தவிர்ப்பு அச்சத்தை வளர்ப்பதும் எதிர்பார்ப்பு பொய்க்கும்போது அது தளர்வதும் எந்த நாட்டு மூளைக்கும் பொது. மாற வேண்டியது வடிவம்: நீண்ட பாடங்களுக்குப் பதில் குரல்பதிவுகள், தனியறை இல்லாத வீடுகளுக்கு ஏற்ற நேரம், குடும்பத்தின் எதிர்பார்ப்பிலிருந்தே முளைக்கும் பதற்றங்களுக்கான பயிற்சிகள்.

இப்போதே ஓர் இணையவழி ஆலோசகரை நாடுபவர் எதைக் கேட்க வேண்டும் என்பதும் இந்த வாதத்திலிருந்தே கிடைக்கிறது. அவருடைய படிப்பும் பதிவும் என்ன? என் பிரச்சினையை எது நிலைக்கவைக்கிறது என்று முதல் சில வாரங்களில் எனக்குப் புரியும்படி விளக்குகிறாரா? ஒவ்வொரு அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் இடையே செய்ய ஏதாவது தருகிறாரா, செய்ததைக் கேட்கிறாரா? ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 போன்ற எளிய அளவுகோலால் முன்னேற்றத்தை அளந்து காட்டுகிறாரா? நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது என்று முன்பே சொல்லியிருக்கிறாரா? இவற்றுக்கு ‘ஆம்’ என்றால் அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது பொருட்டல்ல. அரசுகளிடமும் நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது இன்னும் நேரடியானது. செயலி ஒன்றைச் செய்து வெளியிட்டுவிட்டு மனநலச் சேவை தந்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதை இந்தச் சான்றுகள் எதுவும் ஆதரிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தரக்கூடிய, பயிற்சி பெற்ற, மேற்பார்வையுள்ள மனிதர்களை நியமிக்க வேண்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் தர வேண்டும். மென்பொருள் அவர்களுடைய உழைப்பைப் பலமடங்கு பேருக்குக் கொண்டுசேர்க்கும். அவர்கள் இல்லாத இடத்தில் கொண்டுசேர்க்க அதனிடம் எதுவும் இல்லை.